கரண்ட் போனால் பாடும் பெட்டியும் அரசப்பன் காதும்

காரைக்கால்மேட்டு அரசப்பனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய இடது காதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மற்ற உறுப்புகளுக்கு நேரம் இருந்தால் பிறகு வரலாம்.

அந்தக் காது இருபத்தாறு வருஷம் விசைப்படகு இன்ஜினுக்குப் பக்கத்தில் உத்தியோகம் பார்த்தது. அரசப்பன் படகு டிரைவர். பொதுவாக அந்த வேலையில் பத்து வருஷம் இருந்தவரிடம் பேச வேண்டுமென்றால் கையைக் காலை ஆட்டித்தான் பேச வேண்டும். அரசப்பனுக்கு நடந்ததோ தலைகீழ். வருஷம் ஏற ஏறக் காது தீட்டிய கத்தி மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. காது டாக்டர் ஒருவர் கருவியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க இருந்த எடத்துக்கு உங்களுக்குக் கேக்கவே கூடாதே" என்றார். பெரிய படிப்புப் படித்தவரின் மனம் நோகக் கூடாது என்று, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவைத்தார் அரசப்பன்.

கரையில் வலையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். முகத்துவாரத்தில் படகு ஒன்று நுழையும். கண்ணைத் திறக்காமலே, "மணிவேல் படகு. தண்ணி பம்புல பெல்ட்டு தேயுது" என்பார். படகு வந்து கட்டியதும் மணிவேல் இறங்கி, எவனிடமும் பேசாமல், நேராகப் பெல்ட்டைப் பார்க்கப் போவான். பெல்ட்டு தேய்ந்துதான் இருக்கும்.

ஒருமுறை கோடியக்கரைக்குக் கிழக்கே நல்ல மீன் பிடிபட்டுக்கொண்டிருந்தபோது அரசப்பன் இன்ஜினை நிறுத்திவிட்டார். வலை தண்ணீரில் கிடக்கிறது, மீன் வலையில் ஏறுகிறது, இன்ஜினோ நிற்கிறது. படகிலிருந்த ஏழு பேரும் அவருடைய வம்சத்தைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். அவர் பேசாமல் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு போல்ட்டு கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் இன்ஜின் உடைந்து, எட்டுப் பேரும் இலங்கைப் பக்கம் மிதந்திருப்பார்கள். அன்றிலிருந்து அந்தப் படகில் ஒரு சட்டம் வந்தது. டிரைவர் கையைத் தூக்கினால் இன்ஜின் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்பதெல்லாம் பிறகுதான்.

இந்தக் காதின் பெருமையை ஊரில் ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவர் மனைவி பூங்கொடி. "மணிவேல் படகுல பெல்ட்டு தேயுறது கேக்குது. அடுப்படியிலேருந்து நான் மூணு தரம் கூப்பிட்டது கேக்கலை" என்பாள். எல்லாப் பெரிய கருவிக்கும் ஏதோ ஒரு இடத்தில் சிக்னல் கிடைக்காதுதான்.

ஐம்பத்திரண்டாவது வயதில் இடுப்பு போயிற்று. இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் ஜவஹர் அலி.

ஜவஹர் அலி பதினேழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, ஊரில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தருமபுரத்தில் ஒரு மாடி அறைதான் அவருடைய தலைமைச் செயலகம். அறை நடுவில் ஆள் உயரத்தில் ஓர் இரும்பு அலமாரி. அதில் தட்டுத் தட்டாகப் பெட்டிகள். கீழே ஒரு இன்வெர்ட்டர், பக்கத்தில் கன்றுக்குட்டி கனத்தில் இரண்டு பேட்டரி. அரசப்பனின் வேலை அந்த அறையில் உட்கார்ந்திருப்பது, தூசு தட்டுவது, பச்சை விளக்கு எதுவும் சிவப்பானால் வினிதாவுக்குப் போன் செய்வது. வினிதா கோவில்பத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். ஏணி, கேபிள் சுருள் சகிதம் ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றுபவள்.

முதல் நாள் வினிதா அவருக்குப் பெட்டிகளைச் சுற்றிக் காட்டினாள். மேல் தட்டில் இரண்டு சோப்புக் கட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. அதன் முதுகில் தலைமுடி கனத்தில் மஞ்சள் நூல் ஒன்று வந்து சேர்ந்தது.

"இதுதாண்ணே முதல் பெட்டி. வெளியிலேருந்து நெட்டு இந்த நூல் வழியாத்தான் நம்மூருக்கு வருது. அறுநூத்திச் சொச்சம் வீட்டுக்கும் இதுலேருந்துதான் பிரிஞ்சு போவுது."

"இந்த நூல்லயா?"

"ஆமா."

"துபாயிலேருந்து பேசுறது, படம் பாக்குறது, அவ்வளவும்?"

"அவ்வளவும் வெளிச்சமா ஓடுதுண்ணே. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

அரசப்பன் நூலுக்குப் பக்கத்தில் இடது காதைக் கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. பெட்டியில் வைத்தார். ஒன்றும் இல்லை. ஓர் ஊரே அதற்குள் கத்திக்கொண்டும் கொஞ்சிக்கொண்டும் இருக்கிறது, ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. அவர் வாழ்க்கையில் சத்தமே போடாமல் வேலை செய்த எதையும், மனிதரையும் சேர்த்து, பார்த்ததில்லை. மெய்சிலிர்த்துப் போனார். அதே சமயம் கொஞ்சமும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் கரண்ட் போனது. மின்விசிறி தயங்கி நின்றது. இன்வெர்ட்டர் டக் என்று தட்டியது. அடுத்த நொடி, அதுவரை பிணம் போலக் கிடந்த பெட்டிகள் எல்லாம் வாயைத் திறந்தன. ஒவ்வொன்றுக்கும் சுவரில் செருகியிருந்த கறுப்பு அடாப்டர் ஆறும் ஆறு சுருதியில் 'ங்ஙீஈஈ' என்றன. வேறு யாராவது இருந்தால் கொசு என்று கையை வீசியிருப்பார்கள். அரசப்பனுக்கு அது ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று தண்ணீர் வற்றி அலறுவது மாதிரி கேட்டது.

இருபத்தாறு வருஷப் பழக்கம். கை தானாக மேலே போனது. பார்க்க ஆளில்லாத அறையில் அந்தக் கை ஒரு கணம் கம்பீரமாக நின்றது. பிறகு அலமாரியின் பெரிய சுவிட்சை அணைத்தது. சத்தம் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் மறுபடி போட்டார். பெட்டிகள் பழையபடி ஊமையாக மின்னின. ஒரு பெரிய விபத்தைத் தடுத்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

இப்படியே பதினெட்டு மாதம் ஓடியது. கரண்ட் போகும்போது நெட் போகாமல் இருப்பதற்காக வாங்கி வைத்த பேட்டரி, அந்தப் பதினெட்டு மாதமும் முழுக்க முழுக்க ஓய்வில் இருந்தது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இவ்வளவு ராஜபோகமாக வாழ்ந்த பேட்டரி வேறு இருக்க முடியாது. ஊர்க்காரர்களோ, கரண்ட் போனால் நெட்டும் போவது சூரியன் மறைந்தால் இருட்டுவது போன்ற சங்கதி என்று இருந்துவிட்டார்கள். ஜவஹர் அலி மட்டும் அப்படி இருக்கவில்லை. பேட்டரிக் கடைக்காரரோடு மூன்று தடவை சண்டை போட்டு, இரண்டு தடவை பேட்டரியை மாற்றினார்.

குட்டு உடைந்தது ஒரு நிக்காஹால்.

ஜவஹர் அலியின் தங்கை அஜீசுன்னிசா. அவள் கணவர் நாகூர் மீரான் குவைத்தில் இருக்கிறார். அவர்களுக்கு ஒரே மகள் இஃபாத். நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் கம்பெனி மீரானுக்கு லீவைக் கொடுத்து, பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் விட்டது. மகளை நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பை மச்சான் ஜவஹர் அலியிடம் போனிலேயே ஒப்படைத்துவிட்டார் மனிதர். ஆனால் ஒன்று கேட்டார். "நான் பாக்கணும் மச்சான். அவ 'சம்மதம்'னு சொல்றதையும், மாப்பிள்ளை 'ஏத்துக்கிட்டேன்'னு சொல்றதையும் என் கண்ணால பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் பேப்பரில் வந்தது: பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்சாரம் இருக்காது. தேதி, நிக்காஹ் தேதி. நிக்காஹ் பதினொன்றரைக்கு.

"நானா, எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, ஃபேன் ஓடுது, வைஃபை பெட்டியும் எரியுது. நெட்டு மட்டும் ஏன் போவுது? ஊருக்கெல்லாம் நெட்டு கொடுக்குற நானாவுக்குத் தங்கச்சி நான். எம்மவ நிக்காஹை அவ வாப்பா பாக்க முடியாதா?" என்று போனில் அழுதாள் அஜீசுன்னிசா. அந்தத் தெருவில் மொபைல் சிக்னல் மொட்டைமாடியில் நின்று கும்பிட்டால்தான் கிடைக்கும். கரண்ட் போனால் அதுவும் இல்லை.

ஜவஹர் அலி போனைக் கையில் பிடித்தபடியே தருமபுரத்துக்கு வண்டியை விட்டார். அவர் மாடிப்படியில் பாதி ஏறும்போது, அல்லாவின் ஏற்பாடு, கரண்ட் போனது. வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே அரசப்பன் வலது கையைக் கோயில் சிலை மாதிரி உயர்த்தி, பிறகு சுவிட்சை அணைப்பதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"நிறுத்துறேன் பாய்."

"ஏன்?"

"சத்தம் மாறிடுச்சுல்ல."

ஜவஹர் அலி மெதுவாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா இப்படி?"

"வந்ததுலேருந்துதான். ஒரு நாளும் விட்டதில்லை" என்றார் அரசப்பன் பெருமையோடு.

"அண்ணே, அந்தப் பேட்டரிக் கடைக்காரரைப் பள்ளிவாசல் வாசல்ல நிறுத்தி, நாலு பேருக்கு முன்னாடி நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? அவர் அல்லா மேல சத்தியம் பண்ணினார். நான் நம்பலை!"

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாய்."

ஜவஹர் அலிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் தன்னைவிட மூத்தவர், அதுவும் கடலில் தலையைக் கொடுத்தவர் என்பதால், கோபத்திலும் மரியாதை கெடாமல் பேசினார். "இனி ஒரு தரம், ஒரே ஒரு தரம், நீங்க இதை நிறுத்தினீங்கன்னா, இந்த ரூம் சாவியை மேசை மேல வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுங்க. நானும் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேணாம்."

அரசப்பனுக்கு அது நெஞ்சில் இறங்கியது. கடல் போனபிறகு அந்தக் காதுக்குக் கிடைத்திருந்த ஒரே உத்தியோகம் அது.

வினிதா வரவழைக்கப்பட்டாள். சுவிட்சைப் போட்டு, பேட்டரியில் பெட்டிகளை ஓடவிட்டு, ஆறு அடாப்டரும் கூட்டாகப் பாடுவதைக் கேட்டாள். சிரித்தாள்.

"அண்ணே, இது நோவு இல்லை. வீட்டுக் கரண்டு அலை மாதிரி வளைஞ்சு ஏறி, வளைஞ்சு எறங்கும். நம்ம இன்வெர்ட்டர் கொஞ்சம் மட்டமான சரக்கு. அது கொடுக்குற கரண்டு படிக்கட்டு மாதிரி. டக்குன்னு ஏறும், டக்குன்னு குதிக்கும். அந்தக் குதியில அடாப்டருக்குள்ள இருக்குற கம்பிச் சுருள் அதிருது. அவ்வளவுதான். கத்தும், ஆனா ஓடும்."

"அப்ப படகை அலையில விடாம படிக்கட்டுல உருட்டி விடுறீங்க."

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

"கத்தாம என்ன பண்ணும்?" என்றார் அரசப்பன் பரிவோடு. பிறகு துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். படகில் இன்ஜின் மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். இங்கே கரண்ட் என்பதால் குச்சி. ஒவ்வொரு அடாப்டரின் முதுகிலும் ஈர்க்குச்சியை நிறுத்தி, மறுமுனையை இடது காதில் பொருத்தி, கண்ணை மூடினார். வினிதாவும் ஜவஹர் அலியும் அவர்களை அறியாமல் மூச்சை அடக்கினார்கள்.

"அஞ்சு சும்மா அழுவுது" என்றார் கடைசியில். "முதல் பெட்டியோடது மட்டும் இருமுது."

வினிதா மீட்டரை வைத்துப் பார்த்தாள். "பன்னெண்டு வோல்ட்டு. போட்டிருக்குறபடியே வருதுண்ணே. மீட்டரு சரின்னு சொல்லுதே."

"மீட்டருக்குக் காது இல்லியே பாப்பா."

"போதும்ணே!" என்றார் ஜவஹர் அலி. "கல்யாணம் முடியுற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க. கத்தட்டும், இருமட்டும், ஒப்பாரி வைக்கட்டும். ஓடினா சரி."

நிக்காஹ் நாள் காலை சரியாக ஒன்பதுக்குக் கரண்ட் போனது. ஆறும் ஆரம்பித்தன.

கடலில் புயல் நடுவே முப்பது மணி நேரம் சுக்கான் பிடித்தவர் அரசப்பன். அன்று அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் அது உல்லாசப் பயணம். வலது கை அடிக்கடி எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பத்து மணிக்குப் பூங்கொடி மீன் கூடையோடு போகிற வழியில் மேலே வந்து, தூக்குவாளியை வைத்தாள். பழைய சோறும் கருவாடும்.

"கல்யாண வீட்டுல பிரியாணி அனுப்புவாங்கடி."

"அது ரெண்டு மணிக்கு வரும். அதுவரைக்கும் இந்தச் சத்தத்தையா திம்பீங்க? உப்பு போட்டிருக்கேன், கரைச்சுக் குடிங்க. ஏன் கை மேல உக்காந்திருக்கீங்க?"

"பாதுகாப்புக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு இருமல் மாறியது.  க்ர்... நின்றது. க்ர், க்ர்... நின்றது. முதல் பெட்டியின் பச்சை விளக்கு ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. இது கத்தல் இல்லை. கடைசிப் புரியில் தொங்குகிற போல்ட்டின் குரல் இது. இந்த அடாப்டர் இன்னும் பத்து நிமிஷம் தாண்டாது.

வினிதாவுக்குப் போன் போட்டார். அவள் போலகத்தில் கம்பத்தின் உச்சியில் அறுந்த கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அடாப்டரை விட்டால் அது எப்போது வேண்டுமானாலும் சாகும், மாப்பிள்ளை 'ஏத்துக்கிட்டேன்' என்று சொல்லும் நேரமாகப் பார்த்துச் சாகும். இன்ஜின் வகையறாக்களின் குணம் அவருக்குத் தெரியும். நிறுத்தினால் நிக்காஹும் போச்சு, சாவியும் போச்சு. அரசப்பன் அலமாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பெட்டிக்குத் தேவை பன்னிரண்டு வோல்ட். வினிதா சொன்னது. கீழே உட்கார்ந்திருக்கிற பேட்டரி? அதன் வயிற்றிலும் பன்னிரண்டு என்றுதான் எழுதியிருந்தது.

குனிந்து மறுபடி படித்தார். பன்னிரண்டேதான்.

பேட்டரியில் பன்னிரண்டு இருக்கிறது. அதை இன்வெர்ட்டர் இருநூற்று முப்பதாக ஊதி, படிக்கட்டாக வெட்டி, மேலே அனுப்புகிறது. அடாப்டர் அழுது அழுது அதை மறுபடி பன்னிரண்டாக இறக்குகிறது. காரைக்கால் கரையில் இறங்கிய மீனை லாரியில் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து மறுபடி வரவழைத்து, காரைக்கால் மார்க்கெட்டில் விற்பது மாதிரி! இவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து இவ்வளவு சுற்றிவளைத்து ஒரு வேலையைச் செய்ய முடியும் என்ற பிரமிப்பில் அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. படகில் வயர்லெஸ், ஜிபிஎஸ், விளக்கு எல்லாமே பேட்டரியிலிருந்து நேராகத்தான். எவன் அடாப்டர் வைத்தான்?

ஆனால் வயரை மாற்றினால் பெட்டி ஒருமுறை செத்துப் பிழைக்க வேண்டும். பிழைக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். கல்யாண வீட்டுக்குச் சிக்னல் இருக்காது என்பதால், நெட் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"பாய், எந்த எடத்துல இருக்கீங்க?"

"கூடத்துலதான்" என்று கிசுகிசுத்தார் ஜவஹர் அலி.

"அது இல்லை பாய். நிக்காஹ் எந்த எடத்துல இருக்கு?"

"பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டாச்சு. மச்சான் பாத்துட்டார். இப்ப பள்ளிவாசல் ஹஜ்ரத் குத்பா பிரசங்கம் ஓத ஆரம்பிக்கிறார். அது முடிஞ்சதும் மாப்பிள்ளைகிட்ட கேக்கணும். ஏன்?"

"குத்பா எவ்வளவு நேரம் ஓதுவாங்க?"

"அஞ்சு நிமிஷம். அண்ணே... அண்ணே, சுவிட்சுல கை வச்சிடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்..."

"கொஞ்சம் நிதானமா ஓதச் சொல்லுங்க" என்று போனை வைத்தார் அரசப்பன்.

இடுப்பிலிருந்த வலைக் கத்தியை எடுத்து, முதல் பெட்டிக்கும் அடாப்டருக்கும் நடுவே வயரை அறுத்தார். பச்சை விளக்கு அணைந்தது. காரைக்கால் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது.

இனி ஒரே கேள்வி. இரண்டு கம்பியில் எது கூட்டல், எது கழித்தல்? மாற்றிக் கொடுத்தால் பெட்டி கருகும். இரண்டு கம்பியும் ஒரே கறுப்பு, ஒன்றில் மட்டும் வெள்ளைக் கோடு. கோடு என்ன சொல்கிறது என்று வினிதா அவருக்குச் சொல்லித் தரவில்லை. மீட்டரோ போலகத்தில் இருந்தது. அரசப்பன் தூக்குவாளியைத் திறந்தார். அடாப்டர் பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் பல்லால் உரித்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு, உப்புப் போட்ட நீராகாரத்தில் அமிழ்த்தினார். கடலில் மீட்டர் கெட்டுப்போனால் டிரைவர்கள் உப்புத் தண்ணீரிடம்தான் கேட்பார்கள். எந்தக் கம்பியில் குமிழி அதிகம் பொங்குகிறதோ அது கழித்தல். அதில் பொய் கிடையாது.

ஒரு பருக்கைக்குப் பக்கத்தில், கோடு போடாத கம்பியிலிருந்து, பூப்போலக் குமிழிகள் கிளம்பின.

இன்வெர்ட்டருக்குப் போகிற தடித்த வயர்களைத் தொடாமல், ஒரு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பெட்டிப் பக்கத்து வயரைச் சுற்றினார். கோடு போட்டது கூட்டலில், போடாதது கழித்தலில்.  சுற்றி முடித்து நிமிர்ந்தபோது பெட்டியில் ஒரு விளக்கு எரிந்தது. சிவப்பு.

காத்திருந்தார். மற்ற ஐந்தும் கத்திக்கொண்டிருந்தன. ஆறாவது குரல் மட்டும் இல்லை. பெட்டி ஓடுகிறதா, செத்துவிட்டதா? காதைக் கொண்டுபோனார். ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் காது கைவிரித்தது. சத்தமே போடாத ஒன்றை வெறும் கண்ணால் நம்ப வேண்டியிருந்தது. சிவப்பு. சிவப்பு. மஞ்சள். அவருக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டார். வேலை நிக்காஹ் வீட்டுக்கானது என்பதால் நாகூர் ஆண்டவரையும் சேர்த்துக்கொண்டார்.

பச்சை.

பிறகு மற்ற விளக்குகளும், ஒவ்வொன்றாக, திருவிழாச் சீரியல் பல்பு மாதிரி ஓட ஆரம்பித்தன. இதைவிடப் பெரிய மௌனத்தை அரசப்பன் கேட்டதில்லை. நடுக்கடலில் அலை இல்லாத நாளில்கூட.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. இரண்டரைக்கு ஜவஹர் அலி பிரியாணிப் பொட்டலத்தோடு படி ஏறி வந்தார். பின்னாலேயே, விஷயம் கேள்விப்பட்டு, வினிதா. மேசை மேல் சாவி இருந்தது. அரசப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்னண்ணே இது?"

"நீங்க சொன்ன வாக்குதான் பாய். நான் நிறுத்தினேன். மூணு நிமிஷம், பன்னெண்டு செகண்டு."

 வினிதா அதற்குள் அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். பேட்டரியிலிருந்து ஏறும் வயரைப் பார்த்தாள். அறுபட்ட அடாப்டரைப் பார்த்தாள். தூக்குவாளியைப் பார்த்தாள். அடாப்டரைத் திறந்தபோது உள்ளே விரல்நுனி அளவு உருளை ஒன்று வயிறு உப்பி, மண்டை வெடித்துக் கிடந்தது.

"மீட்டரு ஏமாத்திடுச்சுண்ணே" என்றாள் மெதுவாக. "இது எப்படிங்க இவ்வளவு நாள் உசுரோட இருந்துச்சு?... ஏண்ணே, சோத்துத் தண்ணியிலயா கூட்டல் கழித்தல் பாத்தீங்க?"

"உப்பு போட்ட தண்ணி பாப்பா. உப்பில்லாட்டி வேலைக்கு ஆவாது."

வினிதா தூக்குவாளியைக் கோயில் தீர்த்தத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மூன்று வருஷ டிப்ளமாவில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

அப்போது ஜவஹர் அலியின் போன் அடித்தது. வீடியோ கால். நாகூர் மீரான்.

"மச்சான், அந்த ஆளைக் காட்டுங்க" என்றது போன்.

ஜவஹர் அலி போனைத் திருப்பினார். அழுது வீங்கிய முகம் ஒன்று அரசப்பனைப் பார்த்தது. அரசப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க. நடுவுல நின்னுபோச்சு" என்றார்.

"நின்னுச்சு. எப்ப நின்னுச்சு தெரியுங்களா? என் சம்சாரம் போனைப் பொண்ணு பக்கம் திருப்பினா பாருங்க, அப்ப. எம்மவ தலை நிமிர்ந்து என்னைப் பாத்தா. அப்படியே படம் நின்னுருச்சு. மூணு நிமிஷம் அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஓடிட்டிருந்தா யாரு அவ்வளவு நேரம் எனக்குக் காட்டியிருப்பா? அப்புறம் கரெக்டா மாப்பிள்ளை வாயைத் திறக்குறப்ப வந்துருச்சு." அவர் மூக்கை உறிஞ்சினார். "ஹஜ்ரத்தும் இன்னைக்கு என்னமோ ரொம்ப நிதானமா ஓதினாராமே."

ஜவஹர் அலி வேறு பக்கம் பார்த்தார். போன் வைக்கப்பட்டதும் மேசையிலிருந்த சாவியை எடுத்து, பிரியாணிப் பொட்டலத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அரசப்பனிடம் நீட்டினார்.

"ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்கண்ணே. நான் பேட்டரிக் கடைக்காரரைப் பாத்து மன்னிப்புக் கேக்கப் போவணும்."

"நேத்தே கேட்டிருக்கலாம் பாய்."

"நேத்து மனசு வரலை."

அடுத்த வாரம் வினிதா மற்ற அடாப்டர்களையும் கழற்றிப் பெட்டிகளை நேராகப் பேட்டரியில் கோத்தாள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி பதினாலு வோல்ட் வரை பொங்கும் என்று, நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி போர்டும் வைத்தாள். நாலு முடித்து ஐந்தாவதற்குக் கையை நீட்டியபோது அரசப்பன் தடுத்தார்.

"இதை விட்டுடு பாப்பா."

"ஏண்ணே? இது ஒண்ணு மட்டும் கத்திக்கிட்டுக் கெடக்குமே."

"ஒண்ணாச்சும் கத்தணும். எல்லாம் ஊமையா இருந்தா நான் இங்க எதுக்கு?"

அதனால் தருமபுரத்து மாடியில் இன்றும் கரண்ட் போனால் ஒரே ஒரு அடாப்டர் மட்டும் 'ங்ஙீஈஈ' என்கிறது. ஊரில் நெட் போவதில்லை. அரசப்பனின் வலது கை பழக்கத்தில் கம்பீரமாக மேலே எழுகிறது. பாதி வழியில் நிலைமை நினைவுக்கு வந்து, எழுந்த கௌரவம் கெடாமல், இடது காதைச் சொறிந்துவிட்டு இறங்குகிறது.